உஷார்! முட்டி வலியென்று நொண்டும் பிள்ளைக்கு இடுப்பை எக்ஸ்ரே எடுங்கள்

முட்டி வலிக்கிறது என்று சொல்லிச் சில வாரங்களாக நொண்டி நடக்கும் பிள்ளையை நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதீர்கள். எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். முட்டியை மட்டும் படம் எடுத்து "ஒன்றும் இல்லை" என்று சொன்னால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். "டாக்டர், இடுப்பையும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்" என்று கேளுங்கள். பிள்ளைக்கு 9 முதல் 16 வயதுக்குள் இருந்து, உடம்பும் வயதுக்கு மீறிய கனமாக இருந்தால், ஒரு நாளைக்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

இவ்வளவு அவசரப்படுத்தக் காரணம் இருக்கிறது. அந்த வயதில் தொடை எலும்பின் தலைப்பகுதி அதன் கழுத்திலிருந்து நழுவிப்போகும் நோய் ஒன்று உண்டு. ஸ்லிப்டு கேபிடல் ஃபெமோரல் எபிஃபைசிஸ் என்று டாக்டர் சீட்டில் எழுதுவார், சுருக்கமாக எஸ்.சி.எஃப்.இ. நழுவல் சிறிதாக இருக்கும்போதே பிடித்துவிட்டால், தொடையில் சின்னதாக ஒரு துளை போட்டு ஒரே ஒரு ஸ்க்ரூவில் நிறுத்திவிடலாம். விட்டுவிட்டால், பள்ளி மாடிப்படியிலோ குளியலறையிலோ ஒரு சாதாரண சறுக்கலில் மொத்தமாக விலகிவிடும். அதன் பிறகு செய்யும் ஆபரேஷன் பெரியது. எவ்வளவு நன்றாகச் செய்தாலும், அந்த எலும்புத் தலைக்குப் போகும் ரத்தம் நின்று எலும்பு செத்துப்போகும் ஆபத்து கூடவே வரும்.

இந்த நோய்க்கு மாத்திரையில் தீர்வு கிடையாது. படுக்க வைத்தாலும் சரியாகாது, கட்டுப் போட்டாலும் சரியாகாது. ஆபரேஷன் ஒன்றுதான் வழி. அது சின்ன ஆபரேஷனா பெரிய ஆபரேஷனா என்பதைப் பெரும்பாலும் பெற்றோர் எடுத்துக்கொள்ளும் நாட்களே முடிவு செய்கின்றன.

உள்ளே நழுவுவது எது?

தொடை எலும்பின் மேல்முனை ஓர் உருண்டை; எலும்பின் தலை என்பது இதுதான். இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்துக்குள் அது பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. உருண்டைக்குக் கீழே எலும்பின் கழுத்து. வளரும் பிள்ளைகளுக்கு இந்த உருண்டைக்கும் கழுத்துக்கும் நடுவே குருத்தெலும்பாலான ஒரு பட்டை இருக்கும். அதற்கு வளர்ச்சித் தட்டு என்று பெயர். வளர்ச்சி முடிந்ததும் அது கெட்டி எலும்பாகி மூடிக்கொள்ளும்.

பிள்ளை மடமடவென்று உயரும் பருவத்தில் இந்தத் தட்டு தடிக்கிறது, பலம் குறைகிறது. அதே சமயத்தில்தான் உடல் எடையும் ஏறுகிறது. தட்டு சாய்வாக இருப்பதால் ஒவ்வொரு அடியிலும் பாரம் அதன்மேல் சறுக்கலாக இறங்குகிறது. காரை காய்வதற்குள் பாரம் ஏற்றினால் செங்கல் நகர்ந்துவிடுவதுபோல, பலவீனமான தட்டில் எலும்பு நகர்கிறது. உருண்டை கிண்ணத்துக்குள்ளேயே நின்றுவிட, கழுத்து முன்னாலும் மேலேயும் நகர்ந்து வெளிப்பக்கமாகத் திரும்புகிறது. நோய் வந்த பிள்ளையின் பாதம் வெளியே திரும்பியிருப்பது இதனால்தான்.

பெண்பிள்ளைகளுக்கு 12 வயதை ஒட்டியும் பையன்களுக்கு 13, 14 வயதை ஒட்டியும் இது அதிகம் வருகிறது. பையன்களே கூடுதல். அமெரிக்காவில் இந்த வயதுப் பிள்ளைகள் ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்குச் சுமார் 10 பேருக்கு வருவதாகக் கணக்கு. கேட்டால் அபூர்வம் என்று தோன்றும். அபூர்வம் என்பதாலேயே இது யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. நினைவுக்கு வராததால்தான் தவறிப்போகிறது. உடல் எடை கூடிய பிள்ளைகளுக்கு இது வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். நம் வீடுகளில் குண்டான பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும் காலத்தில் இதை நாம் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது.

இடுப்பில் நோய், முட்டியில் வலி

இந்த நோயின் பெரிய ஏமாற்று வேலை இதுதான். இடுப்பு மூட்டுக்கும் முட்டிக்கும் உணர்வு கொண்டுபோகும் நரம்புகளில் சில ஒரே மூலத்திலிருந்து பிரிகின்றன. அதனால் கோளாறு இடுப்பில் இருக்க, பிள்ளை முட்டியைத் தொட்டுக் காட்டும். சில பிள்ளைகள் தொடையின் முன்பக்கத்தைக் காட்டும். 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இந்த நோய் வந்த பிள்ளைகளில் சுமார் 15 சதவீதம் பேர் முட்டியிலோ தொடையின் கீழ்ப்பகுதியிலோதான் வலி என்று சொல்லியிருந்தார்கள். அப்படிச் சொன்னவர்களுக்குத்தான் நோயைத் தவறாகக் கணிப்பதும், தேவையில்லாத முட்டிப் படங்கள் எடுப்பதும், கடைசியில் நழுவல் முற்றிப்போயிருப்பதும் அதிகமாக இருந்தது.

நடப்பது எப்படி என்று பாருங்கள். பி.டி. பீரியடில் ஓடியதால் வலி என்று முதல் வாரம் போகும். தைலம் தேய்ப்பதில் இரண்டாவது வாரம் போகும். முட்டி எக்ஸ்ரே எடுத்து, நன்றாக இருக்கிறது என்று வலி மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். வலி கொஞ்சம் குறையும், நொண்டல் குறையாது. வளர்ச்சி வலி என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். குண்டாக இருக்கிறான், நடந்தால் சரியாகிவிடும் என்று இன்னொருவர் சொல்வார். அந்தச் சொல்லைக் கேட்டு, நழுவிக்கொண்டிருக்கும் எலும்போடு பிள்ளையைக் காலையில் மைதானத்தில் ஓடவிடுகிறோம். இதைவிடக் கொடுமை வேறு இல்லை.

வளர்ச்சி வலி என்பது பெரும்பாலும் சின்னக் குழந்தைகளுக்கு, இரண்டு கால்களிலும், இரவில் வரும். காலையில் எழுந்தால் குழந்தை துள்ளி ஓடும். நொண்டல் இருக்காது. நொண்டுகிற பிள்ளைக்கு வளர்ச்சி வலி என்று பெயர் வைத்து யாரும் அனுப்பிவிடக் கூடாது.

கண்ணால் பார்த்தே சந்தேகப்படலாம்

பிள்ளையின் காலை நீங்கள் வளைத்துப் பார்க்க வேண்டாம்; இழுத்துப் பார்க்க வேண்டாம். பார்த்தாலே போதும்.

ஒன்று: நடக்கும்போது ஒரு பக்கம் தாங்கித் தாங்கி நடக்கிறதா? விளையாடிய பிறகு அது கூடுகிறதா?

இரண்டு: படுத்திருக்கும்போது ஒரு பாதம் மட்டும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறதா? நடக்கும்போதும் அந்தப் பாதம் வெளியே திரும்பியிருக்கிறதா?

மூன்று: குந்தி உட்காரும்போது ஒரு முட்டி மட்டும் நெஞ்சுக்கு நேரே வராமல் வெளிப்பக்கமாக ஓடுகிறதா? ஷூவுக்கு லேஸ் கட்டவோ சாக்ஸ் போடவோ அந்தக் காலை வெளியே திருப்பித்தான் மடக்க முடிகிறதா? மருத்துவர்கள் பிள்ளையைப் படுக்க வைத்து இடுப்பை மடக்கும்போது கால் தானாக வெளியே திரும்பினால், அதை ட்ரேமன் அறிகுறி என்பார்கள். இந்த நோயைச் சந்தேகிக்க அது ஒன்றே போதும்.

நான்கு: கால் மேல் கால் போட முடியவில்லை என்கிறதா? ஒரு கால் சற்றுக் குட்டையாகத் தெரிகிறதா? ஒரு தொடை மெலிந்திருக்கிறதா?

இவற்றில் ஏதாவது ஒன்று இருந்து, வலியும் சேர்ந்தால் அன்றைக்கே எக்ஸ்ரே. காய்ச்சலோடு இடுப்பு வலியும் நொண்டலும் வந்தால் அது மூட்டில் சீழ் பிடித்ததாகவும் இருக்கலாம். அதற்கும் அதே அவசரம் உண்டு.

உடம்பு ஒல்லியாக இருந்தால் கவலையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தைராய்டு குறைவு, வளர்ச்சி ஹார்மோன் கோளாறு, நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ள பிள்ளைகளுக்கும் இது வரும். வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கு முட்டி வலி, இடுப்பு வலி, நொண்டல் எது வந்தாலும் ஊசி எழுதிக் கொடுத்த மருத்துவருக்கு உடனே சொல்லுங்கள். புற்றுநோய்க்காக இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு வாங்கிய பிள்ளைகளுக்கும் இதே எச்சரிக்கை.

எக்ஸ்ரே எடுப்பதிலும் கவனம்

ஒரு படம் போதாது. இரண்டு இடுப்பையும் சேர்த்து நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று எடுக்க வேண்டும். ஆரம்ப நழுவல் பின்பக்கமாகவே போவதால் நேர்ப்படத்தில் ஒளிந்துகொள்ளும். முட்டிகளை மடக்கி விரித்து எடுக்கும் பக்கவாட்டுப் படத்தில்தான் பளிச்சென்று தெரியும். நேர்ப்படத்தில் கழுத்தின் மேல்விளிம்பை ஒட்டிக் கோடு ஒன்றை இழுத்துப் பார்ப்பார்கள். கிளைன் கோடு என்று பெயர். நல்ல இடுப்பில் அந்தக் கோடு உருண்டையின் ஒரு பகுதியை வெட்டிக்கொண்டு போகும். நழுவிய இடுப்பில் உருண்டையைத் தொடாமலே போய்விடலாம்.

பிள்ளையால் நிற்கவே முடியவில்லை என்றால், முட்டியை மடக்கி விரிக்கும் படத்துக்காகக் காலை யாரும் பலவந்தமாகத் திருப்பக் கூடாது. படுத்த நிலையிலேயே குறுக்காக எடுக்க வழி இருக்கிறது. அதைக் கேளுங்கள்.

நழுவல் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து பிள்ளை அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. சக்கர நாற்காலி, இல்லையென்றால் ஸ்ட்ரெச்சர். "வீட்டுக்குப் போய்த் துணிமணி எடுத்துக்கொண்டு நாளைக்கு வருகிறோம்" என்று பிள்ளையை நடத்திக் கூட்டிப் போகாதீர்கள். துணிமணியை வேறு யாராவது எடுத்து வரட்டும்.

நடக்க முடிகிறதா? அதுதான் கேள்வி

1993இல் ராண்டல் லோடர் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு இந்த நோயைப் பார்க்கும் விதத்தையே மாற்றியது. திடீரென்று நழுவிய 55 இடுப்புகளை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். ஊன்றுகோல் வைத்தாவது நடக்க முடிந்த பிள்ளைகளின் இடுப்பு நிலையானது. ஊன்றுகோல் கொடுத்தும் நடக்க முடியாத பிள்ளைகளின் இடுப்பு நிலையற்றது. நிலையான 25 இடுப்புகளில் ஒன்றில்கூட எலும்புத் தலை சாகவில்லை. நிலையற்ற 30 இடுப்புகளில் 14இல் செத்துப்போயிற்று. ஏறக்குறைய பாதி.

அதன் பிறகு வந்த சிகிச்சை முறைகளால் நிலைமை மேம்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு இன்றைக்கும் நிற்கிறது. பிள்ளை நடந்து ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததா, தூக்கிக்கொண்டு வரப்பட்டதா என்பதுதான் அந்த இடுப்பின் எதிர்காலத்தைச் சொல்லும் முதல் தகவல்.

நேற்றுவரை நொண்டி நடந்த பிள்ளை இன்றைக்குத் தடுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் அலறினால் அதை எலும்பு முறிவாகவே நினைத்துக்கொள்ளுங்கள். தூக்கி நிறுத்திப் பார்க்காதீர்கள். 108க்கு அழையுங்கள். கால் இருக்கிற நிலையிலேயே இருக்கட்டும். இரு பக்கமும் தலையணையை அண்டக் கொடுங்கள். அன்றைக்கே ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காதீர்கள்.

இங்கேதான் இன்னொரு பெரிய உஷார். சுளுக்கு எடுக்கிறவரிடம் கொண்டுபோய் உருவிவிடுவது, எண்ணெய்க் கட்டுப் போடுவது, "எலும்பு விலகியிருக்கிறது, இழுத்து உட்கார வைக்கிறேன்" என்று யார் சொன்னாலும் காலைக் கொடுப்பது, இவை எதுவும் வேண்டாம். உருண்டைக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய குழாய்கள் கழுத்தின் மேலேயே ஒட்டிப் போகின்றன. நழுவலில் அவை ஏற்கெனவே இழுபட்டு, முறுக்கிக்கொண்டு கிடக்கும். வெளியிலிருந்து ஒரு முரட்டு இழுப்பு அவற்றை அறுத்துவிடும். அறுவை மருத்துவர்களே தியேட்டருக்குள் மயக்கம் கொடுத்த நிலையில்கூட முரட்டுத்தனமாக இழுத்துச் சேர்ப்பதைக் கைவிட்டுவிட்டார்கள்.

ஒரு ஸ்க்ரூ செய்யும் வேலை

நிலையான நழுவலுக்கு உலகம் முழுவதும் செய்யப்படும் ஆபரேஷன், நழுவிய இடத்திலேயே ஸ்க்ரூ போட்டு நிறுத்துவது. பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்து, சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவியில் நேரடியாகப் பார்த்துக்கொண்டே, தொடையின் முன்பக்கத்தில் சின்னக் கீறல் வழியாக மெல்லிய கம்பி ஒன்றைச் செலுத்துவார்கள். கம்பி கழுத்தில் நுழைந்து, வளர்ச்சித் தட்டைச் செங்குத்தாகக் கடந்து, உருண்டையின் நடுவில் போய் நிற்க வேண்டும். அதன் மேலேயே நடுவில் துளையுள்ள ஸ்க்ரூவை முறுக்கி இறக்குவார்கள். ஸ்க்ரூ நழுவலைப் பிடித்து நிறுத்தும். நாளடைவில் தட்டு எலும்பாகி மூடிக்கொள்ளும். பெரும்பாலான பிள்ளைகள் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுவார்கள்.

சின்ன ஆபரேஷன்தான். ஆனாலும் இடம் தவறக் கூடாத ஆபரேஷன். ஸ்க்ரூவின் நுனி உருண்டையைத் துளைத்து மூட்டுக்குள் எட்டிப் பார்த்தால் மூட்டுக் குருத்தெலும்பு அரிக்கப்பட்டு, இடுப்பு இறுகிவிடும். உருண்டை கோளமாக இருப்பதால் ஒரே கோணத்தில் பார்த்தால் நுனி உள்ளே இருப்பதுபோலவே தெரியும். அதனால்தான் நல்ல மருத்துவர் காலை மெதுவாகச் சுழற்றி, பல கோணங்களில் பார்த்து, நுனி உள்ளேயே நிற்கிறது என்று உறுதி செய்துகொள்வார். ஸ்க்ரூ நுழையும் துளை தொடை எலும்பில் மிகவும் கீழே இறங்கிப்போனால், பின்னாளில் அந்த இடத்தில் எலும்பு முறியக்கூடும்.

இந்த ஆபரேஷன் நழுவலை மேற்கொண்டு போகாமல் நிறுத்துமே தவிர, நழுவியதைத் திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகாது. பாதம் கொஞ்சம் வெளியே திரும்பியே இருக்கலாம்; கால் சற்றுக் குட்டையாக இருக்கலாம். நழுவல் சிறிதாக இருந்தால் வளர வளர ஓரளவு எலும்பே தன்னைத் திருத்திக்கொள்ளும். பெரிதாக இருந்தால் கழுத்தின் புடைப்பு கிண்ணத்தின் விளிம்பில் இடித்து இடித்து, இளம் வயதிலேயே மூட்டுத் தேய்மானம் வரும். சீக்கிரம் போங்கள் என்று மன்றாடுவது இதற்காகவும்தான்.

நிலையற்ற நழுவல் என்றால் அவசர ஆபரேஷன். பல மருத்துவமனைகள் 24 மணி நேரத்துக்குள் செய்துவிடப் பார்க்கின்றன. மூட்டுக்குள் கட்டி நின்று ரத்தக் குழாய்களை அழுத்தும் ரத்தத்தை வெளியேற்றுவார்கள்; காலை மென்மையாகச் சரியான நிலையில் வைத்து, ஒன்றோ இரண்டோ ஸ்க்ரூ போடுவார்கள்.

முற்றிய நழுவலும் பெரிய ஆபரேஷனும்

நழுவலின் கோணத்தை அளந்து 30 டிகிரிக்குள் லேசானது, 50 டிகிரிக்கு மேல் கடுமையானது என்று பொதுவாகப் பிரிப்பார்கள். கடுமையான நழுவலுக்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, இப்போதைக்கு ஸ்க்ரூ போட்டு நிறுத்திவிட்டு, தட்டு மூடிய பிறகு, தேவைப்பட்டால் தொடை எலும்பைச் சற்றுக் கீழே வெட்டித் திருப்பிப் பொருத்துவது. சவுத்விக் என்ற எலும்பு மருத்துவர் 1967இல் எழுதிய முறை இந்த வகையைச் சேர்ந்தது. ரத்தக் குழாய்கள் இருக்கும் இடத்தைத் தொடாமல் தள்ளி வெட்டுவதால் எலும்பு சாகும் ஆபத்து இதில் குறைவு. ஆனால் கோளாறு இருக்கும் இடத்திலேயே திருத்துவதாகாது.

இரண்டாவது வழி, திருத்தப்பட்ட டன் முறை. டன் என்ற எலும்பு மருத்துவர் 1964இல் வெளியிட்ட முறையை, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரைன்ஹோல்டு கான்ஸ் குழுவினர் வளர்த்தெடுத்த வழியில் செய்வது இது. இடுப்பு மூட்டைத் திறந்து, ரத்தக் குழாய்களைச் சதையோடு சேர்த்துப் பத்திரமாக ஒதுக்கி, உருண்டையைக் கழுத்திலிருந்து பிரித்தெடுத்து, நேரான இடத்தில் திரும்ப வைத்துப் பூட்டுவார்கள். நன்றாக அமைந்தால் இடுப்பு ஏறக்குறைய பழைய வடிவத்துக்கு வந்துவிடும். ரத்தக் குழாய்கள் அறுபட்டால் உருண்டை செத்துவிடலாம். செய்யும் கையைப் பொறுத்துப் பலன் வெகுவாக மாறும் ஆபரேஷன் இது. "இதை நீங்கள் எத்தனை பிள்ளைகளுக்குச் செய்திருக்கிறீர்கள், எத்தனை பேருக்குத் தலை செத்துப்போனது?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. கேட்பது மரியாதைக் குறைவும் இல்லை.

உருண்டை செத்தால் அது மெல்ல நசுங்கும், மூட்டு வலிக்கும், இறுகும். கடைசியில் செயற்கை மூட்டுதான். அதை 18 வயதிலோ 20 வயதிலோ வைத்தால் வாழ்நாளில் மறுபடியும் மாற்ற வேண்டி வரும்.

இன்னொரு இடுப்பையும் மறக்காதீர்கள்

ஒரு பக்கம் நழுவிய பிள்ளைகளில் 100க்கு 20 முதல் 40 பேருக்கு மறுபக்கமும் நழுவுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. பெரும்பாலும் முதல் நழுவலிலிருந்து 18 மாதங்களுக்குள். ஆபரேஷன் செய்த காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டே இருக்க, நல்ல கால் சத்தமில்லாமல் நழுவிவிடும். அந்தப் பக்கம் முட்டியிலோ தொடையிலோ லேசான வலி வந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது.

நழுவாத பக்கத்துக்கும் முன்கூட்டியே ஸ்க்ரூ போடலாமா என்பதில் மருத்துவர்களிடையே ஒரே கருத்து இல்லை. ஹார்மோன் கோளாறோ சிறுநீரக நோயோ உள்ள பிள்ளைகளுக்கும், மிகச் சிறு வயதிலேயே நழுவியவர்களுக்கும், தொடர்ந்து செக்கப்புக்கு வர முடியாத தொலைவில் இருப்பவர்களுக்கும் போட்டுவிடுவதே நல்லது என்று பலர் கருதுகிறார்கள். உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று ஆபரேஷனுக்கு முன்பே பேசி முடிவெடுங்கள்.

ரத்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்

10 வயதுக்கு முன்பே வந்தாலும், 16 வயதுக்குப் பிறகு வந்தாலும், பிள்ளை வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாமல் இருந்தாலும் ஏதோ ஒரு ஹார்மோன் கோளாறு பின்னால் இருக்கலாம். தைராய்டு, சிறுநீரகம், கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2013இல், வைட்டமின் டி குறைவோடு சேர்ந்து இந்த நழுவல் வந்த 15 பேரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் ஊரிலும் வகுப்பு, டியூஷன், செல்போன் என்று நிழலிலேயே வளரும் பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை தேவைதான். எலும்பைப் பூட்டிவிட்டு, அதைப் பலவீனமாக்கிய காரணத்தைத் தேடாமல் விட்டால் மறுபக்கமும் அதே கதிக்கு ஆளாகும்.

எடை கூடிய பிள்ளையிடம் "தின்று தின்று வரவழைத்துக்கொண்டாய்" என்று யாரும் சொல்ல விடாதீர்கள். எடையைக் குறைப்பது ஆபரேஷனுக்குப் பிறகு முழு வீடும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. வலியில் கிடக்கும் பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால், அடுத்த வலியை அது உங்களிடம் சொல்லாது. இந்த நோயில் அப்படி மறைக்கும் ஒரு வாரம் ஒரு காலையே வாங்கிவிடும்.

ஆபரேஷனுக்குப் பிறகு

வலி போனதும் நோய் போய்விட்டது என்று நினைப்பதுதான் இந்தக் கட்டத்தின் ஆபத்து. பொதுவாக 4 முதல் 6 வாரம் ஊன்றுகோல். எவ்வளவு எடை ஊன்றலாம் என்பதை மருத்துவர் சொன்னபடியே. ஓட்டம், குதித்தல், கபடி, ஃபுட்பால் எல்லாம் தட்டு மூடி மருத்துவர் அனுமதிக்கும்வரை கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு எழுத்தில் கொடுங்கள். பிள்ளையின் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தரும்படி தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்.

தட்டு மூடும்வரை சில மாதங்களுக்கு ஒருமுறை இரண்டு இடுப்புக்கும் எக்ஸ்ரே. எலும்புத் தலை சாவது ஆபரேஷன் முடிந்து மாதங்கள் கழித்தே படத்தில் தெரியலாம் என்பதால், நன்றாக நடக்கிறான் என்று தவணையைத் தவறவிடாதீர்கள். தட்டு மூடுவதற்குள் ஸ்க்ரூவைக் கழற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். கழற்றினால் மறுபடி நழுவும். மூடிய பிறகும் தொந்தரவு இல்லையென்றால் பெரும்பாலும் ஸ்க்ரூ உள்ளேயே இருந்துவிட்டுப் போகலாம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

இடுப்பு நிலையானதா, நிலையற்றதா? நழுவல் எவ்வளவு? ஆபரேஷன் இன்றா, நாளையா, காத்திருப்பதானால் ஏன்? எத்தனை ஸ்க்ரூ? மறுபக்கத்துக்கு என்ன முடிவு? என்னென்ன ரத்தப் பரிசோதனை? எப்போது காலை ஊன்றலாம்? அடுத்த எக்ஸ்ரே எந்தத் தேதியில்? இவற்றைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். பதில்களையும் எழுதிக்கொள்ளுங்கள்.

செலவை நினைத்துத் தயங்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எலும்பு சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோய், எதற்குப் பொருந்தும் என்று அங்குள்ள காப்பீட்டு மேசையில் கேளுங்கள். பொதுத்தேர்வு முடியட்டும் என்றும் தள்ளிப் போடாதீர்கள். தேர்வை மறுபடி எழுதலாம். செத்துப்போன எலும்புத் தலைக்கு மறுதேர்வு கிடையாது.

பி.டி. ஆசிரியர்களே, மைதானத்தில் நொண்டும் பிள்ளையை "சோம்பேறித்தனம்" என்று விரட்டாமல் உட்கார வையுங்கள். அன்றே பெற்றோருக்குப் போன் செய்யுங்கள். வாசகர்களே, உங்கள் தெருவில், உறவில் இப்படி நொண்டும் பிள்ளை ஒன்று இருந்தால் இந்தப் பக்கத்தை அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஏற்கெனவே ஆபரேஷன் முடிந்து, எக்ஸ்ரே தவணையைத் தவறவிட்ட பெற்றோர் இருந்தால், உங்களுக்கும் சொல்கிறேன்: பழைய படங்களை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். தட்டு மூடிவிட்டது, மறுபக்கமும் நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கும்வரை இந்த சிகிச்சை முடியவில்லை.